ஆனர்ஸ் கல்லூரியில் சேரலாமா, மூன்று வருடத்தில் பட்டத்தை முடித்துவிடலாமா?

கயல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எனக்கு உயிர்வேதியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கூடவே அங்கேயுள்ள ஆனர்ஸ் கல்லூரியிலும் (நன்றாகப் படிக்கிறவர்களுக்காகப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் தனிப் பிரிவு) சேரும்படி கடிதம் வந்திருக்கிறது. இரண்டுக்கும் மே 1 கடைசி நாள். பல்கலைக்கழகத்துக்குச் சரி சொல்லியாயிற்று. ஆனர்ஸ் விஷயம்தான் வீட்டில் இழுத்துக்கொண்டே போகிறது.

ஆனர்ஸில் சேர்ந்தால் நான்கு வருடத்தில் 24 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) ஆனர்ஸ் வகுப்புகளாக எடுக்க வேண்டும். முதல் வருடம் இரண்டு செமஸ்டரிலும் ஒரு கருத்தரங்கு வகுப்பு கட்டாயம். தத்துவம், வரலாறு, இலக்கியம் என்று வாரா வாரம் நிறையப் படித்துவிட்டு வந்து விவாதிக்க வேண்டும், செமஸ்டருக்கு நான்கு கட்டுரை எழுத வேண்டும். ஜிபிஏ (ஏ-க்கு 4, பி-க்கு 3 என்று போடும் மதிப்பெண் சராசரி) 3.4க்குக் கீழே போகக் கூடாது. கடைசி வருடம் தீசிஸ், அதாவது சொந்தமாகச் செய்த ஆராய்ச்சியை எழுதித் தர வேண்டும்.

அப்பாவின் கணக்கு வேறு. பள்ளியிலேயே எழுதிய ஏபி தேர்வுகளால் (கல்லூரிப் பாட அளவிலான தேர்வுகள்) எனக்கு 27 கிரெடிட் வரும். பட்டத்துக்கு வேண்டிய 120ல் அது கழிந்தால், கோடையில் ஒன்றிரண்டு வகுப்பு எடுத்து மூன்று வருடத்தில் முடித்துவிடலாம், ஒரு வருடச் செலவு மிச்சம் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் அப்பாவின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறேன், அரசு கல்விக் கடனோ உதவித்தொகையோ கிடைக்காது. எல்லாம் அவர் சம்பளத்திலிருந்துதான்.

என் பயம் இன்னொன்று. எட்டாவது வரைக்கும் நான் தமிழ் வழியில் படித்தவள். ஒன்பதாவதில்தான் இங்கே வந்தேன். கணக்கு, வேதியியல் எல்லாம் பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். இரண்டு பக்கம் எழுத சனி, ஞாயிறு இரண்டும் போய்விடும். பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனபோது அந்தக் கருத்தரங்கு வகுப்பில் எங்களை உட்கார வைத்தார்கள். பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். நான் மனதுக்குள் ஒரு வாக்கியத்தை அமைத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அங்கே இரண்டு செமஸ்டர் தாக்குப்பிடிப்பேனா என்று யோசனையாக இருக்கிறது.

பின்னால் பிஎச்டி செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. மருத்துவம் இல்லை, ஆய்வகம்தான். ஆனர்ஸ் முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், சேராமலே இருந்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

நுண்ணுயிரி எழுதியது:

கயல், நான் பெரிய மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் நுண்ணுயிரியல் படித்தவன். ஆனர்ஸில் சேர்ந்து முடித்தேன். இப்போது பிஎச்டி செய்துகொண்டிருக்கிறேன். நீ பிஎச்டி என்று சொன்னதால் எனக்கு ஒரே பதில்தான்: சேர்ந்துவிடு. பட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் பெயருக்காக இல்லை, தீசிஸுக்காக.

முதல் வருட வேதியியல் வகுப்பில் எங்களோடு 300 பேர் இருந்தார்கள். பாடம் எடுத்தவருக்கு என் முகம்கூடத் தெரியாது. பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும்போது மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். என் வகுப்பில் ஏ வாங்கினான் என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பரிசோதனை சொதப்பினால் இவன் என்ன செய்வான் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர் எழுத வேண்டும்.

என் தீசிஸ் வேலை இதுதான்: ஒரு பாக்டீரியாவில் ஒரு ஜீனை எடுத்துவிட்டு, அது இல்லாமல் எப்படி வளர்கிறது என்று பார்ப்பது. ஜீன் போய்விட்டதா என்று உறுதி செய்ய பிசிஆர் செய்து (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுப்பது), அதை ஜெல்லில் ஓட்டி அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். வாரக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. புற ஊதா விளக்கின் மேல் ஜெல்லை வைத்தால், அளவு பார்ப்பதற்காக ஓரத்தில் போடும் டிஎன்ஏ மட்டும் படிப்படியாக ஒளிரும். மற்ற வரிசை எல்லாம் வெறும் இருட்டு. ஆய்வகத்தில் இருந்த அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) ஒட்டும் வெப்பநிலையை ஒவ்வொரு குழாய்க்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஒரே தடவையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். 58 டிகிரியில் ஒளிரும் பட்டை வந்தது. தீசிஸில் அதற்கு இரண்டு வரிதான் கிடைத்தது. ஆனால் பிஎச்டி நேர்காணலில் எல்லாரும் தோண்டித் தோண்டிக் கேட்டது அதைத்தான். ஏன் வரவில்லை, எப்படிக் கண்டுபிடித்தாய், வேறு எதைச் சந்தேகித்தாய் என்று.

அப்புறம், அப்பாவின் மூன்று வருடக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. பிஎச்டி விண்ணப்பங்கள் பெரும்பாலும் படிப்பின் கடைசி வருடம் டிசம்பரிலேயே போய்விட வேண்டும். மூன்று வருடத்தில் முடிப்பதென்றால், மூன்றாம் வருடம் டிசம்பரில் உன்னிடம் காட்ட என்ன இருக்கும்? முதல் வருடம் ஆய்வகத்துக்குள் யாரும் சேர்க்காமல் போனால், ஒரு வருட அனுபவம். அதுவும் அவசர அவசரமாக வகுப்புகளை முடித்துக்கொண்டே பெற்றது. பிஎச்டியில் இடம் கிடைத்தால் இந்தத் துறையில் பொதுவாகக் கல்விக் கட்டணம் கட்ட வேண்டாம், மாதாமாதம் உதவித்தொகையும் வரும். அப்பாவிடம் இதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்.

கருத்தரங்கு வகுப்பைப் பற்றி என்னிடம் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. போனேன், படித்தேன், முடிந்தது.

தறி எழுதியது:

நான் கணினிப் பொறியியல். ஆனர்ஸில் சேர்ந்து இரண்டாம் வருட முடிவில் வெளியே வந்தவன். இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், சேர்ந்ததும் சரி, விட்டதும் சரி.

பொறியியலில் கடைசி வருடம் எப்படியும் ஒரு பெரிய குழுத் திட்டம் செய்தாக வேண்டும். அதை தீசிஸாக ஏற்றுக்கொள்ள மாட்டோம், தனியாக இன்னொன்று எழுத வேண்டும் என்று எங்கள் ஆனர்ஸ் அலுவலகம் சொல்லிவிட்டது. எனக்கு வேண்டியது கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) 'விலகினான்' என்று எதுவும் வராது. எடுத்த வகுப்புகளும் கிரெடிட்டும் அப்படியே இருந்தன.

அந்த இரண்டு வருடமும் வீணாகவில்லை. ஆனர்ஸ் மாணவர்களுக்கு வகுப்புப் பதிவு மற்றவர்களைவிட முன்னதாகவே திறந்துவிடும். நல்ல ஆசிரியர், நல்ல நேரம், எல்லாமே முதலில் எங்களுக்கு. ஆய்வக வகுப்புகள் அதிகமுள்ள உன்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது முதல் பதிவு நாளிலேயே தெரிந்துவிடும். விடுதியில் பக்கத்து அறைக்காரர்களும் படிக்கிற கூட்டம்.

பாதியில் விடுவது சுலபம். பாதியில் சேர்வது சில இடங்களில் முடியும், சில இடங்களில் முடியாது, முடிந்தாலும் திரும்பவும் விண்ணப்பம், கட்டுரை, பரிந்துரை என்று அலைய வேண்டும். சந்தேகமாக இருந்தால் சேர்ந்து பார்ப்பதே மேல். ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கு: உனக்கு வரும் ஸ்காலர்ஷிப்பில் ஏதாவது ஆனர்ஸோடு கட்டப்பட்டதா, விலகினால் அது போய்விடுமா?

கயல் எழுதியது:

நுண்ணுயிரி அண்ணா, தறி அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டிசம்பர் விண்ணப்பம் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், யோசிக்கிறேன் என்றார். கட்டுரை பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. கருத்தரங்கு வகுப்பில் பி வந்து, அதனால் ஜிபிஏ சரிந்து, வெளியே அனுப்பிவிட்டால்? யாராவது இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?

மீனாட்சி அம்மா எழுதியது:

கண்ணு, என் மகளும் எச்-4ல் இருந்துதான் கல்லூரிக்குப் போனாள். அதனால் விசா பக்கத்தை மட்டும் சொல்கிறேன், இது ஆனர்ஸோடு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

எச்-4ல் இருக்கும் பிள்ளை சம்பளம் வாங்கி வேலை செய்யக் கூடாது, பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயும் கூடாது. பேராசிரியர் சம்பளம் கொடுத்து ஆய்வகத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாலும் உன்னால் சேர முடியாது. கோடையில் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணத்தில் நடக்கும் ஆர்இயு என்ற ஆராய்ச்சிப் பயிற்சி இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் அதற்குத்தான் ஓடுவார்கள். அந்தப் பணத்தில் சேர குடியுரிமையோ பச்சை அட்டையோ வேண்டும். என் மகள் பட்டியல் பட்டியலாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் கடைசிப் பத்தியில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மூடி வைத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

மிச்சம் இருந்த வழி, சம்பளம் இல்லாமல் கிரெடிட்டுக்காக ஆராய்ச்சி செய்வது. அது படிப்பின் ஒரு பகுதி. ஆனர்ஸ் தீசிஸ் என்றால் அதற்கு ஒரு வழிமுறை, ஒரு அட்வைசர், ஒரு காலக்கெடு எல்லாம் தயாராக இருக்கும். மற்ற பிள்ளைகளுக்குப் பத்து கதவு, நம் பிள்ளைகளுக்கு இரண்டோ மூன்றோ. அதில் ஒன்றை நாமே சாத்திவிட வேண்டாம்.

இன்னொன்று. 21 வயதானால் எச்-4ல் இருக்க முடியாது, எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். படித்து முடித்தபின் வேலை செய்ய ஓபிடி என்ற தற்காலிக அனுமதி வேண்டுமென்றாலும் எஃப்-1ல் இருந்தால்தான் கிடைக்கும்: 12 மாதம், அறிவியல் படிப்புக்கு மேலே 24 மாதம். மூன்று வருடத்தில், 21க்கு முன்னாலேயே, எச்-4லேயே பட்டம் வாங்கிவிட்டால் கையில் பட்டம் இருக்கும், வேலை செய்ய அனுமதி இருக்காது. அப்பா இதையும் பார்த்தாரா என்று கேள். விசா மாறினால் கல்விக் கட்டணம் மாறுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அதனால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை எழுதியது:

கயல், நான் ஒரு பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி முதல் வருட ஆனர்ஸ் கருத்தரங்கு எடுக்கிறேன். உன் பயத்துக்கு நான் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார். கருத்தரங்கு 3 கிரெடிட் என்று வைத்துக்கொள். முதல் வருடம் 30 கிரெடிட் எடுத்து, மற்ற எல்லாவற்றிலும் ஏ வாங்கி, இரண்டு செமஸ்டர் கருத்தரங்கிலும் பி வாங்கினால் உன் ஜிபிஏ 3.8. ஒன்றில் மட்டும் பி என்றால் 3.9. நீ பயப்படும் 3.4 இதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஜிபிஏ சரிகிற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கால்குலஸிலும் கரிம வேதியியலிலும் சரிகிறார்கள், என் வகுப்பில் இல்லை. அப்படிச் சரிந்தாலும் உடனே வெளியே அனுப்பும் வழக்கம் அரிது. மீண்டு வர ஒரு செமஸ்டராவது தருவார்கள். உங்கள் ஊர் விதி என்ன என்று கேட்டுக்கொள்.

கட்டுரைக்கு வருகிறேன். எங்களுக்கு அலங்காரமான ஆங்கிலம் வேண்டாம். நீ ஒன்றைச் சொல்கிறாயா, அதை யாராவது மறுத்துப் பேச முடியுமா, அதற்கு நூலிலிருந்து ஆதாரம் காட்டுகிறாயா, இதைத்தான் பார்க்கிறோம். போன வருடம் ஒரு மாணவி வரைவோடு என் அறைக்கு வந்தாள். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளை. முதல் பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். மனிதன், சமூகம், காலம் என்று சுற்றிச் சுற்றி ஓடியது. தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, "சரி, நீ என்னதான் சொல்ல வருகிறாய்?" என்று கேட்டேன். ஒரே வாக்கியத்தில் பளிச்சென்று சொன்னாள். அந்த வாக்கியம் மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒளிந்து கிடந்தது. அதை முதல் பத்திக்குக் கொண்டுவந்தாள், அதற்கு முன்னால் இருந்த இரண்டு பக்கத்தில் பாதியை அடித்தாள். ஆங்கிலம் ஒரு சொல்கூட மாறவில்லை, கட்டுரை மாறிவிட்டது. எழுத்து மையம் என்று ஒன்று ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இலவசமாக இருக்கிறது. கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் போ, முந்தின நாள் போகாதே.

பேசுவதற்கு ஒரு வழி: வகுப்புக்கு வரும்போதே ஒரு கேள்வியை முழு வாக்கியமாக எழுதி எடுத்து வா. முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடு. பேச்சு சூடு பிடித்த பிறகு நடுவில் புகுவது பிறப்பிலிருந்தே ஆங்கிலம் பேசுகிறவனுக்கும் கஷ்டம்தான். தொடக்கத்தில் கேட்டால் பேச்சு உன் கேள்வியைச் சுற்றி நகரும், நீ பின்னால் ஓட வேண்டியதில்லை.

விஞ்ஞானிக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதும் ஆய்வுக் கட்டுரை எழுதுவதும்தான் பிற்காலத்தில் உன் வேலையில் பாதி. அதைப் பதினைந்து பேர் வகுப்பில், உன் வரைவைப் படிக்க ஒரு ஆசிரியர் இருக்கும்போது கற்றுக்கொள். இதை நான் மனமாரச் சொல்கிறேன்.

ஒரு விஷயம், எல்லா ஆனர்ஸும் ஒன்றில்லை. அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் அதன் தலைவர் ஃபிராங்க் ஏடலாட் 1922ல் ஆனர்ஸைத் தொடங்கியபோது, அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டதைக் கொண்டுவந்தார்: சின்னக் கருத்தரங்குகள், கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள். அங்கே இன்றும் வெளித் தேர்வாளர்கள்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பிளான் டூ என்ற ஆனர்ஸ் திட்டம் 1935ல் வந்தது, அது ஒரு தனிப் பட்டப்படிப்பே. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் தனிக் கல்லூரியாக ஆனது பின்னால்: அரிசோனா ஸ்டேட்டில் 1988, பென் ஸ்டேட்டில் 1997. இந்தப் பெரிய இடங்களில் தீசிஸ் கட்டாயம். தீசிஸே இல்லாமல், சில வகுப்புகளுக்கு ஆனர்ஸ் முத்திரை குத்தி முடித்துவிடும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடமாக இருந்தால் உனக்கு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உன்னுடையது அப்படி இல்லை.

ஆனர்ஸ் கல்லூரியில் சேராவிட்டாலும் பல துறைகளில் துறை ஆனர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மூன்றாம் வருடம் சேர்ந்து தீசிஸ் மட்டும் எழுதலாம். கருத்தரங்கு கிடையாது, விடுதி கிடையாது, முன்பதிவும் பெரும்பாலும் கிடையாது. உங்கள் உயிர்வேதியியல் துறையில் இருக்கிறதா என்று பார். அது இருந்தால் மே 1 இவ்வளவு பயமுறுத்தாது.

ஆனர்ஸ் அலுவலகத்தைக் கூப்பிட்டால் இதையும் கேள்: முதல் வருடம் சேர்கிறவர்களில் எத்தனை பேர் தீசிஸ் வரைக்கும் போகிறார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான்.

கயல் எழுதியது:

ஆனர்ஸ் அலுவலகத்தில் பேசிவிட்டேன், சொல்லிவிட்டுப் போக வந்தேன்.

என் ஏபி கிரெடிட் 27ம் பட்டத்துக்குச் சேரும், ஆனர்ஸ் 24ல் எதுவும் சேராது. ஆனால் நான்கு வருடம் இருந்தால், அந்த 27ஆல் மூன்றாம், நான்காம் வருடங்களில் செமஸ்டருக்கு 12, 13 கிரெடிட் போதும் என்று காட்டினார்கள். அந்த நேரமெல்லாம் ஆய்வகத்துக்கு. அப்பாவுக்கு இந்த அட்டவணை பிடித்துப்போனது. மிச்சம் பிடிப்பது பணமாக இல்லாமல் நேரமாக இருக்கட்டும் என்றார். ஜிபிஏ இறங்கினால் ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டு. எனக்கு வரும் ஸ்காலர்ஷிப் பல்கலைக்கழகத்துடையது, ஆனர்ஸோடு சேர்ந்தது இல்லை. துறை ஆனர்ஸும் இருக்கிறது. தீசிஸ் வரை போகிறவர்கள் பாதிக்கும் கொஞ்சம் மேல் என்று தயங்காமல் சொன்னார்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறோம், எஃப்-1க்கு எப்போது மாறுவது என்று அப்பாவும் வருகிறார். மீனாட்சி அம்மா, நீங்கள் சொல்லாவிட்டால் இதை நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம்.

நேற்று இரவு ஆனர்ஸுக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். ஒரு கடைசிக் கேள்வி. ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி பேராசிரியர்களுக்கு எப்போது எழுதலாம்? இப்போதே எழுதினால் தவறாக நினைப்பார்களா?

நுண்ணுயிரி எழுதியது:

வாழ்த்துகள் கயல். இப்போது வேண்டாம். ஆகஸ்டில் எல்லாரும் எழுதுவார்கள், அப்போதும் வேண்டாம். முதல் சுற்றுத் தேர்வுகள் முடிந்து, அக்டோபரில் எழுது. துறை இணையதளத்தில் மூன்று ஆய்வகங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படி. முழுக்கப் புரியாது, பரவாயில்லை, படங்களையும் அவற்றின் கீழே உள்ள குறிப்பையும் படித்தால் போதும். ஐந்தாறு வரியில் எழுது: யார், என்ன படிக்கிறாய், அந்தக் கட்டுரையில் எது பிடித்தது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், பின்னால் ஆனர்ஸ் தீசிஸ் எழுத விருப்பம், சம்பளம் வேண்டாம் கிரெடிட் போதும். இந்தக் கடைசி இரண்டையும் மறக்காமல் போடு. மூன்று வருடம் கூடவே இருக்கப்போகிற மாணவி என்றால் கற்றுக்கொடுக்க யாரும் யோசிக்க மாட்டார்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டு, அப்புறம் அடுத்தவருக்குப் போ. எழுதுவதற்கு முன்னால் வரைவை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.